சிக்கனம் யார் செலவில்?

வேலை தேடி ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக ஓர் ஆசை உண்டு. ஓய்வு பெற்ற பிறகு நகரத்துச் சந்தடியிலிருந்து விலகி, கொஞ்சம் மண், நாலு தென்னை, ஒரு கிணறு, முன்னால் திண்ணை வைத்த சிறு வீடு என்று வாழ்ந்துவிட வேண்டும் என்பதே அது. பெங்களூரில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் காலம் தள்ளிய நம்மவர்களில் சிலர் கனகபுரா, மாகடி, கோலார் பக்கங்களில் அப்படி வீடு கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் இவற்றுள் சில வீடுகளுக்கு மின்கம்பம் பக்கத்தில் இல்லை. கம்பம் நட்டுக் கம்பி இழுக்க ஆகும் செலவைக் கேட்டுத் திகைத்தவர்கள், கூரைமேல் சோலார் பேனலும் அறைக்குள் பாட்டரியுமாக, வெளியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வராத வீட்டில் குடியேறியிருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், இத்தகைய வீடு கட்டும் அன்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை கிலோவாட் பேனல் போடலாம், எத்தனை பாட்டரி வைக்கலாம்?" என் அபிப்பிராயத்தில் அது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி இதுதான்: மின்சாரம் போதாமற் போகும் நாளில் அந்த வீட்டில் யாருடைய சௌகரியம் முதலில் நிறுத்தப்படும்? இதைக் கேட்காமலே குடிபுகுந்த வீடுகளில் சிக்கனம் என்ற பெயரால் நடப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் சில எளிய கணக்குகள். 1000 வாட் சாதனம் ஒன்று 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். நம் நாட்டில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யூனிட் தரும். மழைக்கால மூட்டத்தில் அது பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். ஆனால் பழைய ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே நம் கைக்கு வருவது 0.9 யூனிட்தான். இப்போது பரவலாகிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல்.

இந்தக் கணக்கோடு நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கணவன், மனைவி, கணவரின் வயதான தாயார் என்று மூன்று பேர். கூரையில் 3 கிலோவாட் பேனல், உள்ளே ஈய-அமில பாட்டரி எட்டு. வீட்டுக்காரர் நல்ல மனிதர், படித்தவர், இயற்கையின்மேல் அக்கறை உள்ளவர். சமையலறைச் சுவரில் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். மாலை 5 மணிக்குப் பிறகு மிக்ஸி போடக்கூடாது, கிரைண்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரவில் விடிவிளக்கு கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. வீட்டு அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாயங்காலச் சட்டினிக்கு அம்மிதான் அக்கா. உடம்புக்கு நல்லதுங்கறார். தோள்பட்டைதான் கேக்க மாட்டேங்குது."

மின்சாரம் அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை ஒவ்வொரு சாதனத்துக்கும் மாட்டி ஒரு நாள் முழுவதும் பார்த்தோம். மிக்ஸி 750 வாட். ஒரு நாளில் அது ஓடுவது மொத்தம் 6 நிமிஷம். அதாவது 0.075 யூனிட். கிரைண்டர் 150 வாட். 40 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட். 3 வாட் விடிவிளக்கு இரண்டு, இரவெல்லாம் 10 மணி நேரம் எரிந்தால் 0.06 யூனிட். அந்தத் தாளில் தடை செய்யப்பட்டவை அத்தனையும் சேர்ந்து கால் யூனிட்டைத் தொடவில்லை.

தாளில் இல்லாதவற்றைப் பார்ப்போம். நகரத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.8 யூனிட் எடுத்தது. 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டு, 12 மணி நேரம் சுற்றியதற்கு இன்னொரு 1.8 யூனிட். டி.வி.யை நிறுத்திய பிறகும் விழித்திருக்கும் செட்-டாப் பெட்டியும் இன்டர்நெட் பெட்டியும் சேர்ந்து 20 வாட் வீதம் நாளெல்லாம் இழுத்தது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எந்த வேலையும் செய்யாமல் சும்மா உயிரோடிருப்பதற்கே இன்வர்ட்டர் 50 வாட் தின்றது. 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். ஆக 5 யூனிட்டுக்கு மேல் போகிற இடத்தை விட்டுவிட்டு, கால் யூனிட் போகிற இடத்தில் காவல் போட்டிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? மிக்ஸி சத்தம் போடுகிறது. அது ஓடும்போது இன்வர்ட்டரின் முகப்பில் எண் எகிறுகிறது. பார்ப்பவருக்குப் பகீரென்கிறது. பிரிட்ஜும் செட்-டாப் பெட்டியும் ஓசைப்படாமல் இரவு பகலாகத் தின்கின்றன, யார் கண்ணிலும் படுவதில்லை. வாட் என்பது வேகம், யூனிட் என்பது கடந்த தூரம். வேகமாக நாலடி நடந்தவளைக் கண்டித்துவிட்டு, மெதுவாக நாளெல்லாம் நடப்பவனை விட்டுவிடுகிறோம். மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் சிறிய இன்வர்ட்டர் தாங்காது என்பது உண்மை. அதற்கு ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்ற ஒழுங்கு போதும். அம்மிக்குத் திரும்ப வேண்டிய அவசியமில்லை.

அந்த வீட்டில் மின்விசிறிகளை பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த வகையாக மாற்றினார்கள். அதே காற்றுக்கு 30 வாட்தான். இதில் மட்டும் நாளுக்கு 1 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஐந்து நட்சத்திரக் குறி கொண்ட ஒற்றைக் கதவு பிரிட்ஜ் அரை யூனிட்டுக்குள் வேலையை முடித்துவிடுகிறது. அதில் 1.3 யூனிட் மிச்சம். இரண்டும் சேர்ந்து மிக்ஸியும் கிரைண்டரும் கேட்பதைப்போல் 13 மடங்கு. ஆன செலவு ஏறக்குறைய இரண்டு பாட்டரிகளின் விலை. யாரும் எந்தச் சுகத்தையும் விடவில்லை. மின்விசிறிக்கு நட்சத்திரக் குறி 2023 ஜனவரி முதல் கட்டாயமாகியிருக்கிறது. கடையில் விலைச் சீட்டைப் பார்க்குமுன் அந்தக் குறியைப் பாருங்கள்.

"பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா?"

இப்படிப் பேசினால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "நம் பாட்டி மிக்ஸியைக் கண்டாளா? நூறு வயது வாழவில்லையா?" இதைச் சொல்பவர்கள் அநேகமாக அந்தப் பாட்டியின் ஆட்டுரலைச் சுற்றியவர்கள் அல்லர். பாட்டி வீட்டில் சக்தி செலவாகாமல் இல்லை. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர், உரலில் குத்திய நெல், கல்லில் அறைந்த துணி எல்லாவற்றுக்கும் சக்தி வேண்டியிருந்தது. அது பாட்டியின் கையிலிருந்தும், மருமகள்களின் இடுப்பிலிருந்தும், கூலிக்கு வந்த பெண்களின் முதுகிலிருந்தும் வந்தது. அதற்கு மீட்டர் இல்லாததால் கணக்கில் ஏறவில்லை. இன்று பாட்டரியில் 0.075 யூனிட்டை மிச்சம் பிடித்து ஒரு தோள்பட்டையில் அதைப் பற்று எழுதினால் அது சிக்கனமாகாது. கணக்குப் புத்தகத்தை மாற்றியதாகத்தான் ஆகும்.

இதை மிகத் தெளிவாகச் சொன்ன அறிஞர் ஒருவர் நம் பெங்களூரிலேயே இருந்தார். இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1974-இல் கிராமத் தொழில்நுட்பத்துக்கென்று 'அஸ்த்ரா' என்ற அமைப்பை அங்கே தொடங்கிய அமுல்யா ரெட்டி. மக்களுக்கு வேண்டியது யூனிட் கணக்கு அல்ல, வெளிச்சம், தண்ணீர், வெந்த சோறு போன்ற பலன்கள்தான் என்பது அவர் விடாமல் வற்புறுத்திய கருத்து. பலன் குறையாமல் மின்சாரத்தைக் குறைப்பதே திறன். பலனையே குறைத்துவிட்டு மின்சாரம் மிச்சம் என்பது வெறும் பஞ்சம்.

துமகூரு மாவட்டத்தின் புரா கிராமத்தில் அவருடைய குழுவினர் சாண எரிவாயுக் கலன் அமைத்தபோது, சமையலுக்கு வாயு தருவதுதான் முதல் நோக்கம். கிடைத்த சாணம் எல்லா வீட்டு அடுப்புக்கும் போதவில்லை. கிராமத்தார் விரும்பியதோ நல்ல தண்ணீர். அதன்பின் அதே வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி, 1987 முதல் ஆழ்துளைக் கிணற்று நீரும் வீட்டு விளக்கும் தரப்பட்டன. எது வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுச் செய்தது பலன் தந்தது.

கேட்காமல் செய்ததற்கும் உதாரணம் உண்டு. பீகாரில் ஜஹானாபாத் மாவட்டத்து தர்னாய் கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பு ஒன்றை நிறுவியது. 450 வீடுகளுக்கு மின்சாரம். நல்ல முயற்சிதான். ஆனால் பிரிட்ஜ் போன்ற பெரிய சாதனங்களுக்கு அதில் இடமில்லை. கட்டணமும் அதிகம் என்று மக்கள் கருதினார்கள். எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். சிறிது காலத்திலேயே அரசாங்கத்தின் கம்பி ஊருக்குள் வந்தது, சில ஆண்டுகளில் அந்தச் சூரிய அமைப்பு கைவிடப்பட்டது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சௌபாக்கியா திட்டத்தில், கம்பி போய்ச் சேர முடியாத தொலைதூர வீடுகளுக்கென வகுத்த சூரிய மின் தொகுப்பு என்ன தெரியுமா? 200 முதல் 300 வாட் பேனல், பாட்டரி, ஐந்து எல்.இ.டி. விளக்கு, ஒரு மின்விசிறி, செல்போன் மாட்ட ஒரு பிளக். இருட்டில் கிடந்த வீட்டுக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆயினும் அரைக்கிற கையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஊருக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். ஒருவருடைய சௌகரியம் எவ்வளவு என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும் இடத்தில் எந்தச் சிக்கனமும் நீடிப்பதில்லை.

சுவரும் கூரையும் முதலில்

அப்படியானால் எங்கேதான் மிச்சம் பிடிப்பது? முதலில் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும்.

நம் தக்காணப் பீடபூமிக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஏப்ரலில் பகல் எவ்வளவு சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். கனமான சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் அந்தச் சூடு வெளியேறிவிடும். காலையில் மூடிவைத்தால் பிற்பகல்வரை உள்ளே இதமாக இருக்கும். இதற்கு மின்சாரம் பூஜ்யம். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளை ஓடோ போட்டால் கூரைக்கு அடியில் இருக்கும் அறையின் வேக்காடு நன்றாகத் தணியும். பேனல்களைத் தளத்தோடு ஒட்டாமல் உயர்த்தி மாட்டினால் இரட்டை லாபம். தளத்துக்கு நிழல் கிடைக்கும். அடியில் காற்று ஓடுவதால் பேனலும் அதிகம் சூடாகாது. பேனல் சூடாக ஆக அதன் உற்பத்தி குறையும் என்பதைப் பலர் அறிவதில்லை.

வீட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குச் சுவரில் படுக்கையறை வேண்டாம். அங்கே மாடிப்படி, சாமான் அறை, குளியலறை போகட்டும். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய கட்டுமுறையில், செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல்லில் கால் பங்கு மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். அஸ்த்ரா ஆராய்ந்து பரப்பிய, சிமெண்ட் சிறிது சேர்த்து அழுத்திய மண்கட்டிகளால் கட்டிய வீடுகள் பெங்களூரிலேயே ஏராளம்.

கடுங்குளிருக்கும் இதே நியாயந்தான். லடாக்கில் லே நகரத்தை அடுத்த பே என்ற இடத்தில் செக்மோல் என்னும் கல்வி அமைப்பின் வளாகம் இருக்கிறது. மின்கம்பி இல்லாத இடம். தெற்கு நோக்கிய கண்ணாடியும் தடித்த மண் சுவருமாக மாணவர்களைக் கொண்டே கட்டினார்கள். வெளியே தண்ணீர் உறைந்து கிடக்கும் மாதங்களிலும் உள்ளே வெயிலின் சூட்டிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே சுவர் செய்கிற வேலையைப் பாட்டரியைச் செய்யச் சொன்னால் எத்தனை லாரி பாட்டரி தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீடு கட்டுமுன் செய்ய வேண்டியவை இவை. கட்டி முடித்து, வேக்காட்டில் தவித்து, பிறகு ஏ.சி.க்குப் பாட்டரி தேடுவது தலைகீழ் வழி.

வெயிலுக்கு ஏற்ற வேலை

அடுத்தது நேரம். காலை 10 முதல் 3 மணி வரை பேனல் கொட்டிக் கொடுக்கும். அப்போது நேராகச் செலவாகும் யூனிட், பாட்டரிக்குள் போய் வரும் யூனிட்டைவிட மலிவு. ஈய-அமில பாட்டரியில் போட்டு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். பாட்டரியின் தேய்மானம் தனி.

ஆகவே தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாம் பகலில் ஓடட்டும். மேல்நிலைத் தொட்டியும் ஒரு பாட்டரிதான். மத்தியான வெயிலை அது தண்ணீராகச் சேமித்துவைக்கிறது, தேய்வதுமில்லை. சூரிய வெந்நீர்க் கலனும் அப்படியே. 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர மின்சார கெய்சருக்கு அரை யூனிட் வேண்டும். மூன்று பேர் குளித்தால் ஒன்றரை யூனிட். அதே வெந்நீரை மாடியிலிருக்கும் கலன் இலவசமாகத் தருகிறது. துணி துவைப்பதிலும் வெந்நீர்ப் பொத்தானைத் தொடாதீர்கள், செலவில் பெரும்பகுதி தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகிறது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். "11 மணிக்கு மாவு ஆட்டினால் போதுமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 11 மணிக்கு அந்த அம்மாள் ஓய்வாக இருக்கிறார் என்று யார் தீர்மானித்தது? அவருக்குத் தோட்ட வேலை இருக்கலாம், படிக்கப் புத்தகம் இருக்கலாம், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். 11 மணிக்கு வெயில் இருந்தால், அப்போது யார் சும்மா இருக்கிறாரோ அவர் அரிசியைக் கழுவிப் போடலாம். சுவிட்ச் யாருடைய கை என்று கிரைண்டர் பார்ப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் பேனல், பாட்டரி கேள்வி வருகிறது. அதற்கு என் பதில்: பேனலைத் தாராளமாகப் போடுங்கள், பாட்டரியை அளவோடு வையுங்கள். பேனல் விலை இறங்கிவிட்டது, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். கூடுதலாக 1 கிலோவாட் இருந்தால் மூட்டமான நாளிலும் பாட்டரிக்கு ஏதோ ஏறும். கூடுதல் பாட்டரியோ, வெயில் இல்லாத வாரத்தில் தானும் காலியாகத்தான் கிடக்கும். இன்வர்ட்டர் வாங்கும்போது அது சும்மா இருக்கையில் எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தேவைக்கு மேல் பெரிய இன்வர்ட்டர் வைத்தால் தினமும் 1 யூனிட் வீண்.

மூட்டமான நாலைந்து நாள்

இவ்வளவும் செய்த பிறகும் ஜூலை, ஆகஸ்டில் சூரியன் முகம் காட்டாத நாட்கள் சில வரத்தான் செய்யும். அந்த நாட்களை மனத்தில் வைத்தே முதற் கேள்வியைக் கேட்டேன். அப்போது எதை நிறுத்துவது என்பதை வெயில் அடிக்கும் நாளிலேயே, வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வயதான தாயாரும் அதில் பேச வேண்டும்.

என் சொந்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஏ.சி., இருந்தால். அடுத்து டி.வி. அதற்கடுத்து இஸ்திரி, துணி துவைத்தல், இவை நாலு நாள் காத்திருக்கும். பிரிட்ஜில் சாமானைக் குறைத்து, சமைத்ததை அன்றன்றே தீர்க்கலாம். கடைசிவரை நிற்கக் கூடாதவை: குடிதண்ணீர், சமையலறைச் சாதனம், முதியவர் அறையின் மின்விசிறி, செல்போன், கழிவறைக்குப் போகும் வழியில் எரியும் விடிவிளக்கு. அந்த விளக்குக்கு ஓர் இரவுக்கு 0.03 யூனிட். இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கு ஆகும் செலவையும் வேதனையையும் எந்த பாட்டரியாலும் ஈடுகட்ட முடியாது. மூச்சுக்கு உதவும் ஆக்சிஜன் இயந்திரம் போன்ற மருத்துவச் சாதனம் இரவு பகலாகத் தேவைப்படும் வீட்டில் சூரிய சக்தியை மட்டும் நம்பி இருக்கலாகாது. மாற்று வழி கட்டாயம் வேண்டும்.

பட்டியலை யார் எழுதுகிறாரோ அவர் தம்முடைய சாதனத்தை முதல் வரியில் எழுதட்டும். செய்தி பார்ப்பது அவருக்குப் பிரியமானால் செய்திதான் முதலில் நிற்கட்டும். அப்படி எழுதிய பட்டியலை மற்றவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வார்கள்.

வருஷத்தில் நாலைந்து நாள் சிறிய ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு மணி நேரம் ஓட்டி பாட்டரியை ஏற்றிக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை. முழுக்க முழுக்கச் சூரியன்தான் என்ற பெருமைக்காக வீட்டாரை இருட்டில் உட்காரவைப்பதைவிட அது மேல். கூரை மின்சாரத்துக்கு மானியம் தரும், 2024-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டமும் மின்கம்பியோடு இணைந்த வீடுகளை நோக்கியதுதான். கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால், வீம்பு பார்க்காமல் இணைப்பு வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விருந்தினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். "லைட்டை அணை, சார்ஜரைப் பிடுங்கு, ஃபேனைக் குறை" என்று நாளெல்லாம் அதட்டினால் அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வர மாட்டார்கள். செல்போன் ஒன்றை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 0.02 யூனிட்தான் ஆகும். அதே பிள்ளைகளிடம் மீட்டரைக் கையில் கொடுத்து, எது எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாலிடெக்னிக்கில் நான் மூன்று மாதம் நடத்திய பாடத்தை மூன்று நாளில் கற்றுக்கொண்டு போவார்கள்.

மின்கம்பி இல்லாத வீட்டில் வாழ்வது நல்ல வாழ்வு. எது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று தெரிந்து வாழ்வதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவு வீட்டுத் தலைவருக்கு மட்டும் கிடைத்து, அதற்கான விலையை மற்றவர்கள் கொடுப்பதாக இருந்தால் அது நியாயமாகாது. மிச்சம் பிடிப்பதைச் சுவரிடம் கேளுங்கள், கூரையிடம் கேளுங்கள், இயந்திரத்திடம் கேளுங்கள், வெயில் நேரத்திடம் கேளுங்கள். அதற்கும் பிறகு குறைந்தால் மட்டும் மனிதர்களிடம் வாருங்கள். வரும்போது உங்களிடமிருந்தே தொடங்குங்கள்.

இக்கருத்தோடு மாறுபடும் அன்பர்கள் தாராளமாக எழுதலாம். புது வீடு கட்ட இருப்பவர்கள் சாதனங்களின் பட்டியலோடு வந்தால் என்னால் இயன்ற கணக்கைப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: சமையலறையில் நிற்கப்போகிறவரும் கூட வர வேண்டும்.